வீட்டு வாசலுக்கு வந்த மருத்துவம்: டாக்டர் மேரி இரத்தினம்

கற்பிட்டி முதல் உடப்பு வரை நீளும் புத்தளம் கரையோரத்தில், ஒரு குழந்தை பிறந்தால் அவ்வீட்டைத் தேடி முதலில் வரும் அரசாங்க உத்தியோகத்தர் கிராம சேவகரல்லர், குடும்பநல உத்தியோகத்தரே. மிஸி என்று மக்கள் உரிமையோடு அழைக்கும் அப்பெண், தாயின் உடல்நிலையை விசாரித்து, குழந்தையை நிறுத்து, தடுப்பூசித் திகதியை அட்டையில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்கிறார். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது இச்சேவையின் பொதுவான கணக்கு. இப்படியொரு சேவையைக் கிராமங்கள் ஏற்றுக்கொள்ள நிலத்தைப் பண்படுத்தியவர்களுள் டாக்டர் மேரி இரத்தினம் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அவர் தாதியல்லர், மருத்துவர், இந்நாட்டில் பிறந்தவருமல்லர். எனினும் சமூகத்தில் குழந்தைகளைப் பேணும் பணிக்குப் பெண்கள் தலைமை தாங்க வேண்டும் என்பதை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்து காட்டியவர்.

மேரி ஹெலன் இர்வின் 1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எலோரா என்னும் சிற்றூரில் பிறந்தார். (இந்தியாவின் எல்லோராக் குகைகளின் பெயரே அவ்வூருக்கு இடப்பட்டதென்பர். கீழைத்தேயம் அவரைப் பிறப்பிலேயே தொட்டுவிட்டது போலும்!) பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமூகம் விரும்பாத காலத்தில் டொரன்டோவில் மருத்துவம் கற்றுப் பட்டம்பெற்று, 1896இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக இலங்கைக்குப் பயணமானார். புறப்படுமுன் அமெரிக்காவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவரான எஸ்.சி.கே. இரத்தினத்தைச் சந்தித்திருந்தார், இருவரும் மணம்புரிய முடிவுசெய்தனர். ஒரு வெள்ளைக்காரப் பெண் சுதேசி ஒருவரை மணப்பதை மிஷன் பொறுக்கவில்லை. நோயாளருக்குத் தொண்டு செய்யவென அழைக்கப்பட்டவர், யாழ்ப்பாணம் வந்தபோது மிஷனின் வாசல் அடைபட்டிருக்கக் கண்டார்.

வேறொருவராயின் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். மேரியோ கொழும்புக்கு வந்து, சிலகாலம் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் பணியாற்றியபின் தனியாக மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய தமிழ், சிங்கள, முஸ்லிம் பெண்களுக்கு ஒரு பெண் வைத்தியர் கிடைத்தது சாதாரண விடயமன்று. அக்கூச்சத்தின் விலை தாயின் உயிராகவும் சேயின் உயிராகவும் இருந்த காலம் அது.

வைத்தியசாலைக்கு வந்து சேரும் நோய்களிற் பல வீட்டிலேயே தடுக்கப்படக் கூடியவை என்பது அவரது உறுதியான கருத்தாக வளர்ந்தது. 1904இல் இலங்கை மாதர் சங்கத்தை உருவாக்கி, குழந்தை வளர்ப்பு, வீட்டுச் சுத்தம் போன்றவற்றைப் பெண்களுக்குப் போதிக்கத் தொடங்கினார். 1909இல் எழுந்த தமிழ் மாதர் சங்கத்திலும் அவர் பங்கு இருந்தது. பாடசாலைகளுக்கான சுகாதார நூல்களையும் எழுதினார்.

அவருடைய பெரும்பணி 1930இல் தொடங்கிய லங்கா மகிலா சமிதியே. அதன் முன்மாதிரி அவர் பிறந்த ஒன்ராறியோவில் இருந்தது. அங்கு அடிலெய்ட் ஹூட்லெஸ் என்னும் தாய், 1889இல் தமது கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். கெட்ட பாலே காரணமென்று கூறப்பட்டது. பாலை எவ்வாறு பேணுவது என்ற சிறிய அறிவு ஒரு வீட்டில் இல்லாமற்போனதை எண்ணி எண்ணிக் குமைந்த அத்தாய், 1897இல் ஸ்டோனி கிறீக் என்ற ஊரில் கிராமப் பெண்களைத் திரட்டி முதல் மாதர் சங்கத்தை அமைக்கக் காரணமானார். அந்த விதையையே மேரி இரத்தினம் நம் கிராமங்களில் ஊன்றினார். ஆயினும் நகரத்துச் சீமாட்டிகள் கிராமத்துக்குப் போய் உபதேசம் செய்துவிட்டு வருவதாக அது அமையவில்லை. கிராமத்துப் பெண்களே கூடி, தமக்குள் தலைவியைத் தெரிந்து, கணக்கெழுதி, குழந்தை நிறுத்து, தோட்டம் போட்டுப் பழகினர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அனுபவமே இல்லாத ஒருத்தி முதன்முறையாக எழுந்து பேசியது அங்கேதான் என்றால் அது மிகையன்று.

அரசாங்கமும் அதே காலத்தில் அசையத் தொடங்கியிருந்தது. 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியுடன் முதலாவது சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. மருத்துவ அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், பொதுச் சுகாதாரத் தாதி, மருத்துவிச்சி ஆகியோர் ஒரு குறித்த பிரதேசத்தின் எல்லா வீடுகளுக்கும் பொறுப்பாளிகளாயினர். அதன் அவசியத்தை 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியா கொடூரமாக உணர்த்தியது. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. சிலாபத்துக்கு அண்மையிற் கடலைச் சேரும் தெதுரு ஓயாவின் பள்ளத்தாக்கும் கொள்ளைநோயின் மையங்களுள் ஒன்று. ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்கள் மாண்டன. 1935இல் உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அத்தொகை பத்துக்கும் கீழ். இவ்வீழ்ச்சிக்கு டீ.டீ.ரீ. மருந்தும் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் காரணங்கள்தாம். ஆனால் வாசற்படியேறி வந்த பெண் ஊழியரை அறிவுள்ள தாய் ஒருத்தி உள்ளே அழைத்ததை எந்த மருந்துக் கணக்கிலும் எழுத முடியாது.

மேரி இரத்தினத்துக்கு அரசியலும் சுகாதாரத்துக்குப் புறம்பானதன்று. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். டொனமூர் ஆணைக்குழு முன் பெண்களின் கோரிக்கை வைக்கப்பட்டது. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து தெரிவானார். சட்ட நுணுக்கம் ஒன்றினால் அப்பதவி நிலைக்கவில்லை. அவர் அதற்காக ஒப்பாரி வைத்ததாகவும் தெரியவில்லை. சமிதி வேலை காத்திருந்தது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இத்தகைய தலைமை அந்நியமானதன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரின்போது மதீனாவின் பள்ளிவாசலில் கூடாரமிட்டுக் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த ருபைதா அல் அஸ்லமிய்யா அவர்களை இஸ்லாமிய வரலாறு அறியும். தாதியம் பெண்களுக்குத் தகாத தொழில் என்று நம் வீடுகளில் சில வேளை எழும் குரலுக்கு வேறு பதில் தேவையில்லை.

இங்கு நாம் சற்றுத் தயங்க வேண்டியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதி புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே ஒதுங்கியது. கிடுகுக் கொட்டில்களில் பிரசவமும் பாலூட்டலும் நடந்தன. ஏற்கெனவே பற்றாக்குறையாயிருந்த குடிநீர், பாடசாலை, வைத்தியசாலை எல்லாவற்றின்மீதும் பாரம் கூடியது. அச்சந்ததியின் பிள்ளைகள் இன்று தாய்மாராகிவிட்டனர். அவர்களின் மொழியைப் பேசி, அவர்களின் வழக்கங்களை அறிந்து, குழந்தையின் நிறை குறைந்ததேன் என்று கடிந்துகொள்ளாமல் கேட்கக் கூடிய தமிழ்மொழித் தாதியர் போதுமான அளவில் இருக்கிறார்களா? இல்லை என்பதே நமது கணிப்பு. காரணம் பிள்ளைகளின் திறமைக் குறைவன்று. தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும். இக்கரையோரத்தில் தமிழ்மொழிமூலம் விஞ்ஞானப் பிரிவு நடாத்தும் பாடசாலைகள் மிகச் சில. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க மகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். சேர்ந்தவர்களும் தாதியாகவே ஓய்வுபெறுகின்றனர். பயிற்சிபெற்ற தாதி ஒருவர் மேற்பயிற்சி பெற்றுப் பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரியாகி, ஒரு பிரதேசத்தின் குடும்பநல உத்தியோகத்தர்களை மேற்பார்வை செய்யலாம் என்ற செய்தியே பல வீடுகளை எட்டவில்லை.

1958இல் பொதுச்சேவைக்கான ரமொன் மக்சேசே விருது டாக்டர் மேரி இரத்தினத்துக்கு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதவி எதுவும் வகிக்காத தனிப்பட்ட பிரஜை ஒருவரின் தொண்டுக்காகவே அது கொடுக்கப்பட்டது. 1962இல் அவர் காலமானார். 1926இல் களுத்துறையில் திறந்த அச்சிறு சுகாதாரப் பிரிவு வளர்ந்து தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாகிவிட்டது. பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரிகள் பயிலும் இடமும் அதுவே. புத்தளத்திலிருந்து கொழும்பு வழியாக அங்கு செல்ல ஒரு பகற்பொழுது போதும்.