தமிழில் மருத்துவம் படிப்பித்த டாக்டர் கிறீன்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தேன். காய்ச்சல் குழந்தையோடு இருந்த ஒரு தாய், மருந்துத் துண்டை நீட்டி வாசித்துச் சொல்லக் கேட்டார். முழுக்க ஆங்கிலம். எனக்கு சாமுவேல் பிஸ்க் கிறீனின் நினைவு வந்தது.

1822இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்தவர்கள் அரச உத்தியோகத்துக்கு வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. தமிழில் படித்தவர் ஊரிலேயே நிற்பார் என்று கணக்குப் போட்டு, 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆசிரியராக எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இந்தத் துணிச்சல்தான்.

மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவர் உழைப்பை ஒதுக்குவது நியாயமல்ல. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், உடற்கூறு, இரசாயனம் என்று பாடநூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கினார். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். 1873இல் நாடு திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் காலமானார்.

துண்டின் பின்பக்கத்தில் எந்த மருந்து, எத்தனை வேளை என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். படகு வந்துவிட்டது.