பெயரில்லாத விரிவுரையாளர்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஏன் அப்படி? இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் மாறாமல் இருப்பதால்தான். இதைக் கணக்குப் போட்டு நிரூபித்தவர் ஒரு பெண். பெயர் எம்மி நோய்தர். பொறியியல் படிக்கும் நான் தினமும் பயன்படுத்தும் விதிக்குப் பின்னால் இருப்பவர். அவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

1882-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். ஆனாலும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்கள் மாணவியாகப் பதிய முடியாது. விரிவுரையாளர் அனுமதி கொடுத்தால் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். பிறகு விதி மாறியது, 1904-இல் மாணவியாகப் பதிந்தார். 1907-இல் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். அப்புறம்? ஏழு வருடம் அங்கேயே ஆராய்ச்சி செய்தார், பாடமும் நடத்தினார். பதவி இல்லை, ஒரு காசு சம்பளமும் இல்லை.

1915-இல் ஹில்பர்ட், கிளைன் என்ற இரு பெரும் கணித மேதைகள் அவரைக் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஆற்றல் பற்றி ஒரு சிக்கல். அதைத் தீர்க்க அவர் தேவைப்பட்டார். ஆனால் பெண்ணுக்கு விரிவுரையாளர் தகுதி தர அரசு விதி இடம் தரவில்லை. பேராசிரியர்கள் சிலரும் எதிர்த்தார்கள். அதனால் வகுப்பு அறிவிப்பில் ஹில்பர்ட் பெயர். நோய்தர் வெறும் உதவியாளர். 1918-இல் அந்தப் புகழ்பெற்ற தேற்றத்தை எழுதினார். அதைக் கொட்டிங்கன் அறிவியல் கழகத்தில் கிளைன்தான் சமர்ப்பித்தார். நோய்தர் அங்கே உறுப்பினர் இல்லை.

போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு, 1919-இல் தகுதி கிடைத்தது. முதல் சம்பளம் 1923-இல்தான், அதுவும் சிறு தொகை. 1933-இல் நாஜிகள் யூதர் என்று சொல்லி வேலையைப் பறித்தார்கள். அமெரிக்காவில் பிரின் மார் மகளிர் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1935-இல், 53 வயதில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலமானார்.

கவனிச்சுப் பாருங்க. அவர் திறமையை அழைத்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. உழைப்பை எடுத்துக்கொண்டார்கள், பெயர், பதவி, சம்பளம் மூன்றும்தான் தாமதமாயின. நல்லவர்களின் ஆதரவு மட்டும் போதவில்லை, விதி மாற வேண்டியிருந்தது. எனவே பதவிக்கு என்ன தகுதி என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். செய்த வேலைக்குச் செய்தவர் பெயரைப் போடுங்கள்.

நவராத்திரியில் சரஸ்வதி முன் புத்தகம் வைத்துக் கும்பிடுகிறோம். கல்வியையே பெண்ணாக வணங்கும் நாம், நம் குழு வேலையிலும் ஒன்றைக் கேட்போம். அறிக்கையை ராத்திரி முழுக்க எழுதிய தங்கைதானே நாளை மேடையேறிப் பேசுகிறாள்? இல்லையென்றால், இந்த வாரமே மாற்றுவோம்.