நான்காம் வகுப்பில் தேறிய ஆராய்ச்சி

ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டின் கீழ்க் குடுவையை வைத்துக்கொண்டு, பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் அந்த ஒரு சொட்டுக்காக மூச்சடக்கிக் காத்திருந்திருக்கிறோம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று ஏட்டிலும் எழுதிவிடுகிறோம். அந்தக் குடுவைக்குள் உண்மையில் நடப்பது என்ன என்று கேட்டு, அதற்காகத் தலைகுனிய நேர்ந்த ஒருவரின் கதையை அறிவோமா?

ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1859 பிப்ரவரி 19 அன்று சுவீடனில் உப்சாலா நகருக்கு அருகே பிறந்தார். தந்தை நில அளவையாளர். அவருடைய கணக்கேடுகளைப் பார்த்தே சிறுவன் கூட்டல் கற்றானாம்! உப்சாலாவில் படித்தவர் 1881இல் ஸ்டாக்ஹோம் சென்று, கரைசல்களில் மின்சாரம் பாயும் விதத்தை ஆராய்ந்தார்.

தூய நீர் மின்சாரத்தை அனேகமாகக் கடத்துவதில்லை. உலர்ந்த உப்பும் கடத்தாது. உப்பை நீரில் கரைத்தாலோ நன்றாகக் கடத்துகிறது. மின்சாரமே உப்பைப் பிளக்கிறது என்பது அந்நாளைய எண்ணம். மின்சாரம் வருமுன்பே, கரைந்தவுடனேயே அது மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு அர்ஹீனியஸ் படிப்படியாக வந்தார்.

பேராசிரியர்கள் இதை எப்படி ஏற்பார்கள்? சோடியம் நீரில் பட்டால் சீறும். குளோரின் நச்சு வாயு. இவை உப்பு நீரில் தனித்தனியே உலவுகின்றன என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அணுவுக்கும் அயனிக்கும் உள்ள வேற்றுமையை விளக்க எலெக்ட்ரான் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே அவர்களை முற்றிலும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வேதியியல் பேராசிரியர் கிளீவிடம் புதிய கருத்தைச் சொல்லப்போன இளைஞரை அவர் இரண்டொரு சொல்லில் அனுப்பிவிட்டார். 1884இல் அளித்த ஆய்வுரைக்கு நான்காம் வகுப்பே கிடைத்தது. விரிவுரையாளர் ஆக அது போதாது.

சோர்ந்து உட்காராமல், ஆய்வுரையை வெளிநாட்டு அறிஞர் சிலருக்கு அஞ்சலில் அனுப்பினார். ரீகா நகரிலிருந்து ஆஸ்ட்வால்ட் நேரிலேயே உப்சாலாவுக்கு வந்து, தம்மிடம் பணிபுரிய அழைத்தார். தந்தை நோயுற்றிருந்ததால் மகன் போகவில்லை. ஆனால் அந்த வருகைக்குப் பின் உப்சாலாவிலேயே விரிவுரையாளர் பதவி கிடைத்துவிட்டது!

1887இல் கொள்கை முழுவடிவம் பெற்றது. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். இரண்டும் இணைந்து நீராகின்றன. சோடியமும் குளோரைடும் வேடிக்கை பார்த்து நிற்கின்றன. நீரை ஆவியாக்கினால்தான் உப்புப் படிகமாகக் கைகோக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலமாயினும் நைட்ரிக் அமிலமாயினும், சோடியம் ஹைட்ராக்சைடுடன் நடுநிலையாகும்போது ஒரு மோல் நீருக்கு ஏறக்குறைய 57 கிலோஜூல் வெப்பமே வெளிப்படுவதன் மர்மம் இதுதான். வினிகரிலோ நூற்றில் ஒரு மூலக்கூறுகூடப் பிரிவதில்லை. எனவே அது வலிமை குறைந்த அமிலம்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் பூமி எவ்வளவு வெப்பமடையும் என்று 1896இலேயே கணக்கிட்டவரும் இவரே. 1903இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இவரைத் தேடி வந்தது. நோபல் பரிசு பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் இவர். அவ்வாண்டு வேதியியல் பரிசுக் குழுவில் கிளீவும் இருந்தார். அவருடைய மகள் ஆஸ்ட்ரிட், 1898இல் சுவீடனில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி என்பதை நம் தோழியருக்குச் சொல்லாமல் விட முடியுமா?

1927 அக்டோபர் 2 அன்று அர்ஹீனியஸ் ஸ்டாக்ஹோமில் காலமானார். நான்காம் வகுப்பு வழங்கிய அதே உப்சாலாவில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.