அம்பேத்கர் என்னும் வாசகரும் ஆரணியின் சிறாரும்

அண்ணல் அம்பேத்கரின் நூற்சேகரிப்பைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். தாதரில் ராஜகிருகம் இல்லத்தை அவர் நூல்களுக்காகவே கட்டினார் என்பதும், இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியக நூலகம் திறந்தது முதல் மூடும்வரை பசியோடு படித்தார் என்பதும் பலமுறை சொல்லப்பட்டவை. அவருடைய பதின்பருவத்தைத்தான் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மௌ என்னும் ஊரில் பிறந்த பீமராவ், சாத்தாராப் பள்ளிக்கு வீட்டிலிருந்தே கோணிப்பை கொண்டுசென்று தனியே அமர்ந்தவர். மும்பையின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் சமஸ்கிருத வகுப்பின் கதவு அவருக்குத் திறக்கவில்லை, பாரசீகம் படித்தார். பரேலில் குடும்பம் முழுமைக்கும் ஒரே அறை. படிக்க இடமில்லாததால் மகனை முன்னிரவில் உறங்கவைத்து, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார் தந்தை ராம்ஜி. மகன் கேட்ட நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளிடம் நகை பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார்.

பள்ளி விட்டதும் அச்சிறுவன் சென்றது சர்னி சாலைப் பூங்காவுக்கு. அங்கே அவர் நாள்தோறும் படிப்பதைக் கவனித்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், நூல்கள் தரத் தொடங்கினார். 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் நிகழ்ந்ததற்கு அந்த ஒரு நூலே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் ஒரு சிறுவனின் வாசிப்பு, தற்செயலாக ஒரு நல்லவர் கண்ணில் படுவதைச் சார்ந்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அத்தற்செயலை உரிமையாக்கவே பொது நூலகச் சட்டம். எஸ். ஆர். அரங்கநாதன் வித்திட்ட 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். சொத்துவரியில் ரூபாய்க்குப் 10 காசு இன்று நூலக வரியாகச் சேர்கிறது.

ஆரணிக்கு வருவோம். கோர்வைச் சேலை நெய்யத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தவர்கள் சிறார்கள். பலர், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் விடப்பட்டவர்கள், அவர்களுள் நம் குழந்தைகளும் உண்டு. ராம்ஜி அடகு வைத்தது நகையை. இங்கே அடகாகப் போனது பிள்ளையே. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமோ, அபாயமற்றதெனில் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பீமராவ் பூங்காவில் படித்த அதே மாலை நேரம்தான் இவ்வாறு தார் சுற்றப் போகிறது.

ஆகவே நூலகத்தின் சிறுவர் பிரிவு எந்நேரம் திறந்திருக்கிறது, சேரியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவை நமக்குச் சட்டக் கேள்விகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் நகராட்சியிடம் கேட்கலாம்: நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, அதில் எவ்வளவு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது? ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டியது, அதில் சிறுவர் நூல்களுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.