பாஷ்: எது ஒரிஜினல்?

உங்க அப்பாகிட்டயோ தாத்தாகிட்டயோ மைக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. பழைய ஸ்கூட்டரோட ஸ்பார்க் ப்ளக் ஞாபகம் வரும். செஞ்சிப் பக்கம் எங்க அவலூர்பேட்டையில டிராக்டர் மெக்கானிக்குங்க டீசல் பம்பை மைக்கோ பம்புன்னுதான் சொல்லுவாங்க. 1951இல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியோட சுருக்கப் பெயர் அது. இன்னைக்கு அதன் பெயர் பாஷ். பிளேஸ்மென்ட் சமயத்துல கோயம்புத்தூர் பாஷ்க்கு அப்ளை பண்ற நம்மில் பல பேருக்கு, அது ஒரு மனுஷனோட பேர்னு தெரியாது. பழைய கார் வாங்குறப்போ நாம கேட்கிற ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்ற கேள்விக்கும் அந்த மனுஷன் வாழ்க்கைக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கு.

ராபர்ட் பாஷ் 1861 செப்டம்பர் 23 அன்று, ஜெர்மனியில் உல்ம் நகருக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் பிறந்தார். 12 பிள்ளைகளில் 11ஆவது. அப்பா விவசாயம் பார்த்துக்கொண்டே சத்திரமும் நடத்தினார். பையன் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டான். 1884இல் அமெரிக்கா போய் எடிசன் கம்பெனியில் கொஞ்ச நாள், பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை. 1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமா ஒரு பட்டறை. கூட ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன், அவ்வளவுதான். டெலிபோன், மின்சார மணி என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். வருமானம் பெருசா ஒண்ணும் இல்ல.

1887இல் ஒரு மெஷின் தயாரிப்பாளர் வந்து, டாய்ட்ஸ் கம்பெனி இன்ஜினில் இருக்கிற மாதிரி ஒரு மேக்னெட்டோ செய்து தர முடியுமா என்று கேட்டார். காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவிதான் மேக்னெட்டோ. அப்படி ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஊருக்கே போய் பாஷ் அதைப் பார்த்தார். இதுக்கு பேட்டன்ட் இருக்கா என்று டாய்ட்ஸுக்கு எழுதிக் கேட்டார். பதில் வரல. அதற்குப் பிறகுதான் தானே ஒன்றைச் செய்தார், சில மாற்றங்களோடு. கவனிச்சீங்களா? இன்னைக்கு உலகம் முழுக்க ஒரிஜினல் ஸ்பேர் என்பதற்கு அடையாளமா இருக்கிற கம்பெனி, வேற ஒருத்தர் சாமானைப் பார்த்துச் செய்ததில்தான் வளர ஆரம்பித்தது.

ஆனா அவர் அதோட நிற்கல. அந்த மேக்னெட்டோ மெதுவா ஓடும் இன்ஜினுக்குத்தான் சரிப்படும். 1897இல் ஃப்ரெடரிக் சிம்ஸ் என்பவர் ஒரு டி டியோன் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தார். அதன் இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று ஓடும். அந்த வேகத்துக்கும் பொறி தருகிற மாதிரி பாஷ் பட்டறை மேக்னெட்டோவை மாற்றியது. 1902இல் அங்கே வேலை பார்த்த காட்லோப் ஹொனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் ப்ளக்கையும் உருவாக்கினார். பாஷ் லோகோவில் வட்டத்துக்குள்ள இருக்கிறது மேக்னெட்டோவின் ஆர்மேச்சர். 1918இல் அதை வரைந்தவரும் ஹொனோல்ட்தான்.

1906லேயே பாஷ் தன் தொழிலாளிகளுக்கு 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். தரம் குறைந்த சாமானை வெளியே விட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட, பணம் போனாலும் பரவாயில்லை என்பது அவர் கொள்கை.

அந்தப் பெயருக்கே ஒரு சோதனை வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு அங்கிருந்த பாஷ் கம்பெனியை எதிரி நாட்டுச் சொத்து என்று பறித்து 1918இல் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் பாஷ் என்ற பெயரிலேயே வியாபாரம் செய்தார்கள். 1921இல் உண்மையான பாஷ் திரும்பி வந்தபோது, கடையில் ரெண்டு பாஷ்! பெயரை மட்டும் பார்த்து எது ஒரிஜினல்னு எப்படிச் சொல்றது?

1927இல் டீசல் இன்ஜெக்ஷன் பம்ப் தயாரிப்பு தொடங்கியது. நம்ம ஊர் டிராக்டர் பம்புக்கு அதுதான் மூதாதை. கடைசிக் காலம் ஹிட்லர் ஆட்சியில் கழிந்தது. அந்த ஆட்சியை எதிர்த்த கார்ல் கோர்டலருக்கு பாஷ் துணை நின்றார். அதே சமயம் அவர் கம்பெனி ராணுவத்துக்கு சாமான் செய்தது, கட்டாயத் தொழிலாளிகளையும் பயன்படுத்தியது. ரெண்டையும் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. 1942 மார்ச் 12 அன்று இறந்தார்.

1979இல் அவர் கம்பெனி மோட்ரானிக் என்ற இன்ஜின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. பொறி எப்போ விழணும், பெட்ரோல் எவ்வளவு போகணும் என்பதை இப்போ ஒரு சிப் சொல்லும். பாஷ் 1887இல் கையில் எடுத்த அதே பொறி வேலைதான்.

இப்போ நீங்க ஒரு பழைய கார் வாங்கப் போறீங்க, உதாரணத்துக்கு 1980களின் கடைசியில் வந்த பிஎம்டபிள்யூ 325ஐ. யாராவது பெர்ஃபார்மன்ஸ் சிப் மாட்டியிருப்பாங்களோன்னு சந்தேகம். பேட்டரியைக் கழற்றிட்டு ஈசியு பெட்டியைத் திறங்க. பெட்டி மேல 0 261ன்னு ஆரம்பிக்கிற பாஷ் நம்பர் இருக்கும், குறிச்சுக்கோங்க. உள்ளே 28 கால் உள்ள ஈப்ராம் சிப்பைப் பாருங்க. கம்பெனி சிப் மேல அச்சடிச்ச நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். டியூனர் பெயர், கையால எழுதின ஸ்டிக்கர், இல்ல ஸ்டிக்கரே இல்லாம கண்ணாடி ஜன்னல் தெரிஞ்சா சந்தேகப்படுங்க. சாக்கெட்ல சிப் இருக்கு, அதனால மாத்திட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க. இந்த மாடல்ல கம்பெனியே சாக்கெட்லதான் மாட்டுது. சாக்கெட் இல்லாம வந்த போர்டுல புது சால்டர், ஃப்ளக்ஸ் கறை இருந்தாத்தான் விஷயம்.

ஸ்டிக்கரையும் டூப்ளிகேட் அடிக்கலாம். அதனால முடிவான சோதனை ஒண்ணுதான். ப்ரோக்ராமரில் சிப்பை மாட்டி உள்ளே இருக்கிறதைப் படிங்க. 27சி256 சிப்னா 32,768 பைட். அதே நம்பர் ஈசியுவோட கம்பெனி ஃபைலோட ஒப்பிடுங்க. இக்னிஷன் டேபிள்ல எண்கள் வேறயா இருந்தா மாத்தியிருக்காங்க.

அதுக்கு ஏன் இவ்வளவு கவலை? ஜெர்மனியில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்காகப் பொறியை முன்கூட்டி விழ வைத்த சிப், அதைவிட ஆக்டேன் குறைந்த நம்ம சாதா பெட்ரோலில் ஓடினா இன்ஜின் நாக் அடிக்கும். அப்படியே ஓட்டினா பிஸ்டன் உடையும். சிப் விலை கொஞ்சம்தான், இன்ஜின் போனா லட்சக்கணக்கில் செலவு.

வெளி ஆள் செய்தது என்பதாலேயே ஒரு சிப் மோசமில்ல. பாஷ் செய்த முதல் மேக்னெட்டோவும் அப்படிப்பட்டதுதான். ஆனா அவர் உரிமை இருக்கான்னு கேட்டார், இன்ஜினைப் பார்த்துச் செய்தார், தன் பெயரைப் போட்டுப் பொறுப்பு ஏத்துக்கிட்டார். பெட்டியில் இருக்கிற சிப்பைப் பத்தியும் அதையே கேளுங்க: யார் எழுதினது, எந்த பெட்ரோலுக்கு எழுதினது, கெட்டுப்போனா யார் பொறுப்பு? பதில் இல்லைன்னா கம்பெனி ஃபைலைத் திரும்ப எழுதிட்டு வண்டியை எடுங்க.