பாட்டில் வாழும் கான்சாகிபு

மன்னர்தம் வெற்றிகளைக் கல்வெட்டும் செப்பேடும் சொல்லும். மக்கள் மனத்தில் இடம்பெற்ற வீரர்களின் வெற்றியையும் வீழ்ச்சியையும் சொல்வன கதைப்பாடல்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் நிகழ்ந்த போர்கள் பல, ஏட்டறிவு இல்லாத மக்களின் செவிகளுக்கு இசையோடு கூடிய பாட்டாகவே வந்து சேர்ந்தன. தேசிங்குராசன் கதை, கட்டபொம்மன் கதை என நீளும் அவ்வரிசையில் ‘கான்சாகிபு சண்டை’யும் ஒன்று. அப்பாட்டின் தலைவரான முகமது யூசுப்கானின் வாழ்வை ஈண்டு நினைவுகூர்வோம்.

பிறப்பும் படைப்பணியும்

இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில், ஏறத்தாழ 1725ஆம் ஆண்டளவில் இவர் பிறந்தார் என்பர். வேளாளர் குடியில் பிறந்து, மருதநாயகம் என்ற பெயர் தாங்கி, இளமையில் இசுலாத்தைத் தழுவினார் என்பது மரபு வழிச் செய்தி. செல்வமோ குலப்பெருமையோ துணைநில்லாத நிலையில் படைத்தொழில் ஒன்றே இவரை உயர்த்தியது.

1752இல் இராபர்ட் கிளைவின் படையில் தம் வீரர்களோடு சேர்ந்தார். அடுத்து நிகழ்ந்த திருச்சிராப்பள்ளிப் போரில், பகைவர் சூழ்ந்த வழிகளினூடே உணவுப் பொருள்களைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கும் அரிய பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வழிகளை அறிதல், ஒற்றறிதல், விரைந்து தாக்குதல் ஆகியவற்றில் இவருக்கிருந்த திறனைத் தளபதி லாரன்சு வியந்து போற்றினார். சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவர் என்னும் பதவியும் இவரை வந்தடைந்தது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து தாக்கி அப்படையின் உணவு வழிகளைக் குலைத்தவர் இவரே. 1759 பிப்ரவரியில் முற்றுகை கைவிடப்பட்டது.

மதுரை ஆட்சி

அவ்வாண்டிலேயே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் இவர் கைக்கு வந்தது. கோட்டையைச் செப்பனிட்டார், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் உடைமைகள் மீண்டும் கோயிலைச் சேர வழிசெய்தார். பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்தைக் காப்பதும் ஆட்சியாளர் கடமையென அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும், வரலாற்றை ஒருபக்கமாகக் கூறுதல் முறையன்று. கும்பினியாருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் வரி சேர வேண்டும் என்பதற்காக இவர் பாளையக்காரர்களைக் கடுமையாக ஒடுக்கினார். 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல் கோட்டை இவரிடம் வீழ்ந்தது. அந்நியர்க்கு எதிராக முதலில் வாளெடுத்தவருள் ஒருவரை, அந்நியரின் படைத்தலைவராக நின்று வென்றவர் இவர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

முற்றுகையும் முடிவும்

இவருடைய வளர்ச்சி நவாபு முகமது அலிக்கு அச்சமூட்டியது. மதுரை தமக்குக் கீழ்ப்பட்டதென நவாபு உரிமை கொண்டாடினார். கும்பினியார் நவாபின் பக்கமே சாய்ந்தனர். உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர், யார்க்கும் அடங்கா ஆட்சியாளராகத் தம்மை நிறுத்திக்கொண்டார். 1763இல் பிரெஞ்சுக் கொடி மதுரைக் கோட்டையில் ஏறியது.

அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய முதல் முற்றுகை, மழைக்காலத்தின் வரவால் பயனின்றி முடிந்தது. மறு ஆண்டு சார்லசு கேம்பல் தலைமையில் பெரும்படை மீண்டும் வந்தது. 1764 சூன் திங்களில் கோட்டையின்மீது நிகழ்ந்த நேர்த்தாக்குதல் பேரிழப்புடன் முறியடிக்கப்பட்டது. வாளால் வெல்ல இயலாதவர்கள் பசியால் வெல்ல முற்பட்டனர். உணவு வழிகளை மறித்துப் புகழ்பெற்றவரே, உணவு வழிகள் மறிக்கப்பட்டுச் சோர்ந்தமை ஊழின் விளையாட்டு எனலாம். அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையில் இருந்தபோது உடனிருந்தோரே இவரைப் பிடித்துக் கட்டினர். சீனிவாசராவு, பாபாசாகிபு, பிரெஞ்சுத் தலைவன் மார்சன் ஆகியோர் அச்சூழ்ச்சியில் பங்குகொண்டோர். அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

பாட்டும் மரபும்

கும்பினியாரின் ஆவணங்கள் இவரைக் கிளர்ச்சிக்காரர் என எழுதி முடித்தன. மக்கள் முடிக்கவில்லை. தூக்குக் கயிறு அறுந்து அறுந்து விழுந்ததாகவும், இறந்த பின்னும் அஞ்சிய பகைவர் உடலைக் கூறாக்கி வெவ்வேறு ஊர்களில் அடக்கினர் எனவும் வழிவழியாகக் கதை வழங்குகிறது. மதுரைச் சம்மட்டிபுரத்தில் இவர் அடக்கத்தின்மீது 1808இல் எழுந்த கட்டடம், கான்சாகிபு பள்ளிவாசல் என்றே பெயர் பெற்றது. மதுரையின் கான்சாமேட்டுத் தெருவும் இவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இசுலாமியப் புலவர்கள் தமிழுக்குத் தந்த புதுவகை இலக்கியங்களுள் படைப்போரும் ஒன்று. அது பெரும்பாலும் அரபு மண்ணின் போர்களைப் பாடுவது. கான்சாகிபு சண்டையோ தமிழ் மண்ணின் கதைப்பாடல் மரபில் பிறந்தது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் அதனை வெளியிட்டது. வரிக்கணக்கும் படைக்கணக்கும் நிறைந்த ஆவணங்களுக்கு நடுவே, வஞ்சிக்கப்பட்ட ஒரு மனிதரை நமக்குக் காட்டுவது அப்பாட்டே.

மறுபுறம் நெல்லைச் சீமையில் பூலித்தேவரைப் போற்றும் சிந்துகளும் கதைகளும் வழங்குகின்றன. கான்சாகிபின் படையோடு பொருது வயிறு கிழிந்த நிலையிலும், துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டு மாய்ந்தான் வெண்ணிக் காலாடி என்பது அம்மண்ணின் மரபு. ஒரு பாட்டில் தலைவராக நிற்பவர், மற்றொரு மரபில் பகைவராக வருகிறார்.

நிறைவாக

இவ்விரண்டில் எது மெய் என மாணவர்கள் நம்மை வினவுவதுண்டு. இரண்டும் மெய்யே என்பதே நம் விடை. கும்பினியாரின் வாளாக இருந்து தம் மண்ணினரை வென்றவரும் கான்சாகிபே. அக்கும்பினியாரையே எதிர்த்து, வஞ்சகத்தால் உயிர்நீத்தவரும் கான்சாகிபே. நம்மவர் என்பதற்காக முன்பாதியை மறைத்தால் பின்பாதியின் பெருமையும் மங்கிவிடும். ஒரு பாட்டை மட்டும் கேட்டவன் பாதி வரலாற்றையே கேட்டவனாவான்.

அச்சேறாப் பாடல்கள் முதியோர் நாவிலேயே வாழ்வன. நாவடங்கினால் பாட்டும் அடங்கும். ஆதலின், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவச் செல்வங்கள் தத்தம் ஊரில் வழங்கும் பாடல்களைக் கேட்டு எழுதி வருவார்களாக. தமக்கு உவப்பான பாட்டோடு உவப்பில்லாத பாட்டையும் சேர்த்தே எழுதி வருவார்களாக. அதுவே கான்சாகிபுக்கும் வெண்ணிக் காலாடிக்கும் நாம் செலுத்தும் ஒத்த மரியாதையாகும்.