கேட்டமரானும் ஹெரஷாஃபும்

போன மாதம் நம் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புங்கனூர் ஏரிக்குப் படகு விடப் போயிருந்தோம். இரண்டு மிதவைகள்மேல் இருக்கை வைத்த மிதிபடகைக் காட்டி, இது கேட்டமரான் என்றான் பி பிளாக் பையன் ஒருவன். அது நம் தமிழ்ச் சொல்தான், கட்டுமரம் என்றேன். அவன் நம்பவில்லை. அவன் சந்தேகத்திலும் பாதி நியாயம் உண்டு. நம் மீனவர்களின் கட்டுமரம், மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. 1690களில் சென்னைப் பக்கம் வந்துபோன வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல் வருகிறது. இரட்டைப் படகோ பசிபிக் தீவுக்காரர்களின் வடிவம். அந்த வடிவத்தைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்து மேல்நாட்டாரைத் திகைக்க வைத்தவர் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர். வீட்டுக்கு வந்ததும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1848 மார்ச் 18இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அண்ணன் ஜான் பதின்வயதிலேயே பார்வை இழந்தவர். ஆனாலும் படகு கட்டுவதே அவர் தொழில். தம்பி மரத்தில் படகின் மாதிரியைச் செதுக்குவார். அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்தே குறை நிறை சொல்வார். 1878இல் இருவரும் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்தது 'அமரில்லிஸ்'. அந்தக் காலத்துப் பந்தயப் படகுகளில் பாய் சாய்க்கும்போது கவிழாமல் இருக்க, ஆட்கள் மணல் மூட்டைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போடுவார்கள். அத்தனை எடையையும் காற்றுதான் இழுக்க வேண்டும். ஹெரஷாஃப் இரண்டு ஒல்லியான உடல்களை அகலமாகத் தள்ளி வைத்து, குறுக்குச் சட்டங்களால் இணைத்தார். அகலமே படகை நிமிர்த்திப் பிடித்ததால் மூட்டை தேவைப்படவில்லை. ஒவ்வொரு உடலும் தன் அலைக்கு ஏற்பத் தனியாக ஏறி இறங்கும்படி மூட்டுகளில் பந்துக் கிண்ண இணைப்பு வைத்தார். நம் தோள் மூட்டு மாதிரி.

1876 ஜூனில் நியூயார்க்கில் பந்தயம். முதலில் காற்று இல்லாமல் பின்தங்கிய அமரில்லிஸ், காற்று எழும்பியதும் எல்லோரையும் தாண்டி முதலாவதாக வந்தது. மற்றவர்கள் உடனே புகார் எழுதினார்கள். பரிசு கைநழுவியது. பிறகு இரட்டைப் படகுகளை வழக்கமான பந்தயங்களில் சேர்க்கவே இல்லை. விதியில் இல்லாத வண்டியைப் பார்க்கிங்கில் விட மறுக்கும் சங்கங்கள் அங்கேயும் உண்டு போல!

பாய் கைவிட்டதும் நீராவி வந்தது. சூத்திரம் அதேதான்: ஒல்லியான உடல், குறைந்த எடை, லேசான பாய்லர். 1885இல் அவருடைய 'ஸ்டிலெட்டோ', ஹட்சன் ஆற்றில் பேர்போன 'மேரி பவல்' கப்பலை முந்தியது. பிறகு அமெரிக்கக் கடற்படையே அதை வாங்கிக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. 1888இல் 'சே வென்' என்ற நீராவிப் படகின் வேகச் சோதனை. அழுத்தம் மிஞ்சிப் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. எதிர்பார்த்த வேகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஹெரஷாஃப் தன் கையாலேயே அதை மூடினார். பாய்லர் வெடித்தது. படகில் வேலை செய்த ஒருவர் அந்தக் காயத்தால் இறந்தார். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளில் பாய்லர் பக்கத்தில் நின்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்த வால்வு எதற்கு என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை தெரிந்த மனிதர் செய்த காரியம் இது. நீராவிப் பொறியாளர் உரிமத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

மறுபடி பாய்க்கே திரும்பினார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கோப்பையை ஆறு முறை காத்தவை அவர் வடிவமைத்த ஐந்து படகுகள். 1903இன் 'ரிலையன்ஸ்' 16,000 சதுர அடிக்கு மேல் பாய் விரித்தது. புகழெல்லாம் இவற்றால்தான். எல்லாமே ஒற்றை உடல் படகுகள்.

ஆனால் 1933இல், 85 வயதில், மகனுக்காக மறுபடி ஒரு அமரில்லிஸ் வடிவமைத்தார். அதே இரண்டு ஒல்லி உடல்கள். இன்று பாயும் மோட்டாரும் சேர்ந்து ஓடும் கேட்டமரான்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. லேசாக இருந்தால் சின்ன மோட்டாரே போதும். சாமான் ஏற்றிக்கொண்டே போனால் பாயிலும் வேகம் இருக்காது, மோட்டாரிலும் இருக்காது.

1938 ஜூன் 2இல் ஹெரஷாஃப் காலமானார். சரியாக 50 வருடம் கழித்து, 1988இல், அமெரிக்கா கோப்பையை ஒரு கேட்டமரான் ஜெயித்தது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இந்த முறை கோப்பை கைநழுவவில்லை.